என் தோழியின் இடது கண்

எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று வருடம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலைப் பாசஞ்சரில் கல்லூரிக்குப் போய்வந்தேன். திண்டிவனத்திலேயே ஒரு கல்லூரி இருந்தது. ஆனால் நான் கேட்ட விலங்கியலுக்கு விழுப்புரத்தில்தான் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு அதில் வருத்தம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போகும் வண்டி அது. மீட்டர்கேஜ் பெட்டியின் மரப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, தூக்குச் சட்டியிலிருந்து கசியும் புளிக்குழம்பு வாசனையோடு போவது அந்த வயதில் பெரிய சுதந்திரமாக இருந்தது.

முதல் வாரத்திலேயே அந்த வண்டியில் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். அவளும் என் வகுப்புதான். அவள் அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்தார். உயரமானவள், உரக்கப் பேசுவாள், பாடத்தைப் பற்றி ஒரு சந்தேகம் வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரைத் தூங்கவிட மாட்டாள். வண்டி ஏறியதும் ஓடிப்போய், ஜன்னல் தன் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி ஒரு இடத்தைத் தேடிப் பிடிப்பாள். ஆனால் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கவே மாட்டாள். முழு நேரமும் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

"வெளிய பாக்காதவளுக்கு எதுக்குடி ஜன்னலு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளிய என்னா இருக்குதுன்னு நீ சொல்லு. உள்ள என்னா நடக்குதுன்னு நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

காரணம் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் வேடிக்கையான விதத்தில்.

எங்கள் ஆய்வகத்தில் இருந்ததெல்லாம் ஒற்றைக் குழாய் மைக்ராஸ்கோப்புகள். ஒரு கண்ணைக் குழாயில் வைத்து, மற்ற கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்ப்போம். கால் மணி நேரத்தில் கன்னமெல்லாம் வலிக்கும். அவள் மட்டும் வலது கண்ணைக் குழாயில் வைத்து, இடது கண்ணை விரியத் திறந்தபடியே நிதானமாகப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருப்பாள். எங்கள் விரிவுரையாளர் மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த இளம்பெண். அவர் அதைக் கவனித்துவிட்டு எல்லாரையும் அழைத்தார்.

"இந்தப் பொண்ணைப் பாருங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கிட்டுப் பார்க்குறா. இதுதான் சரியான முறை. நீங்க எல்லாரும் ஏன் கண்ணை மூடிக்கிட்டுக் கஷ்டப்படுறீங்க?"

அவள் பவ்யமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் வண்டி விழுப்புரத்தை விட்டுக் கிளம்பியதும் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, "என்னாம்மா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கு அந்தக் கண்ணு இல்லவே இல்லடி" என்றாள் என் காதருகில். "எடது கண்ணு. பொய்க் கண்ணு. அதுக்குப் போயி பாராட்டு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் சிரித்துச் சிரித்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் இடது கண்மணி கொஞ்சம் தாமதமாக, கொஞ்சமே கொஞ்சமாகத் திரும்புவது தெரிந்தது.

அன்றைக்கு அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, அம்மா விளக்கை எடுத்துக்கொண்டு அவளைத் தூளியிலிருந்து தூக்கப் போயிருக்கிறாள். இடது கண்ணின் கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியிருக்கிறது. பூனைக் கண் இருட்டில் மின்னுமே, அந்த மாதிரி. பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னவர்களும் உண்டு. அவள் அம்மா யார் சொன்னதையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனாள். அங்கிருந்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி, கண்ணை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. ரெண்டு கண்ணால பாத்தா எப்படி இருக்கும்னே தெரியாது. அதனால பேஜாரும் இல்ல" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னாலும், அது அவளை எங்கேயோ அரித்துக்கொண்டிருந்தது என்பது இரண்டாம் வருடத்தில் தெரிந்தது. வெங்காயத்தின் வேர் நுனியைச் சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் நசுக்கி, செல்கள் பிரிவதைப் பார்க்கும் பாடம் வந்தது. எனக்கு எல்லாம் ஊதா நிறக் குழப்பமாகத் தெரியும். அவள் நொடியில் கண்டுபிடிப்பாள். "இதோ பாரு, நடுவுல வரிசையா வந்து நிக்குது. இது ரெண்டு பக்கமும் இழுத்துக்கினு போவுது. இது முடிச்சிடுச்சி, நடுவுல சுவரு எழும்புது." ஒரு கல்யாண வீட்டை ஜன்னல் வழியே பார்த்து விவரிக்கிறவள் மாதிரிச் சொல்வாள்.

ஒருநாள் விரிவுரையாளரிடம் கேட்டாள். "மேடம், இது பிரியணும்னு இதுக்கு யாரு சொல்றாங்க? எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

அவர் சாக்பீஸைக் கையில் உருட்டினார். "நல்ல கேள்வி. முழுசா யாருக்கும் தெரியலைம்மா. நிறுத்தத் தெரியாத செல்லைத்தான் புற்றுநோய்னு சொல்றோம். அதுக்கு மேல சொல்ல எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் வண்டியில் அவள் பேசவில்லை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு வாசனை பெட்டி முழுக்க வந்து நிறைந்தது. அந்த வாசனை வந்தால் எப்போதும் பசிக்குது என்பாள். அன்றைக்கு அதுவும் சொல்லவில்லை. பேரணி தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குப் புள்ள பொறந்தா அதுக்கும் வருமாடி?"

மயிலம் மலைக்கோயில் தெரிகிறது என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

படிப்பு முடிந்ததும் நான் மேற்படிப்புக்காக மெட்ராஸ் போனேன். அவள் வீட்டில் மேலே படிக்க வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் திண்டிவனம் வந்தால் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போவேன். மெட்ராஸில் எங்கள் துறைக்கு ஒரு நூலகம் இருந்தது. தூசி படிந்த பெரிய பெரிய சஞ்சிகைத் தொகுதிகள். எனக்குக் கொடுத்த வேலை தவளை முட்டைகளைப் பற்றியது. ஆனால் நான் தேடியது அவளுடைய கேள்விக்குப் பதில். அப்படித் தேடியபோது, குழந்தைகளின் கண்ணில் வரும் அந்தக் கட்டியைப் பற்றி ஒரு விளக்கம் கிடைத்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே டாக்டர்கள் சேர்த்துவைத்த நோயாளிகளின் விவரங்களிலிருந்து யோசித்து யோசித்துச் சொல்லப்பட்ட விளக்கம் அது. படித்த அன்று என்னால் விடுதியில் இருக்க முடியவில்லை. அடுத்த நாளே வண்டி ஏறிவிட்டேன்.

அவள் வீட்டுப் பின்கட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஒவ்வொரு செல்லுலயும் எல்லா மரபணுவும் ரெண்டு ரெண்டு இருக்குது இல்ல? அம்மா கிட்டேர்ந்து ஒண்ணு, அப்பா கிட்டேர்ந்து ஒண்ணு. அதுல காவல் காக்குறதுன்னே சில மரபணு இருக்குதாம். செல்லு கண்டபடி பிரியாம நிறுத்தி வைக்கிறதுதான் அதுக்கு வேலை. ரெண்டுல ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு பாத்துக்கும். ரெண்டும் கெட்டாத்தான் கட்டி."

"மல்லாட்டைக் கொல்லைக்கு ரெண்டு பேரு பன்னிக் காவல் போற மாதிரியா?"

"அதே மாதிரிதான். சில பேருக்குப் பொறக்கும்போதே ஒரு காவலு கெட்டுப் போயிருக்கும். உடம்பு பூரா எல்லா செல்லுலயும் ஒத்தக் காவல்தான். அது ஏதாவது ஒரு செல்லுல தவறிட்டா போதும். அதனால அவங்களுக்குச் சீக்கிரமா வரும், ரெண்டு கண்ணுலயும் வரும். மத்தவங்களுக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் ஏதோ ஒரே ஒரு செல்லுல ரெண்டுமே கெட்டுடும். அவங்களுக்கு ஒரு கண்ணுல மட்டும்."

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள். "எனக்கு ஒரு கண்ணுதானே. அப்ப எனக்கு ரெண்டாவதா சொன்ன மாதிரி. புள்ளைக்குப் போவாது."

"பெரும்பாலும் அப்படித்தான். ஆனா ஒரு கண்ணுல மட்டும் வந்தவங்கள்ல சில பேரும் பொறப்புலயே அப்படி இருப்பாங்களாம். எதுன்னு பாத்துச் சொல்ல இப்ப வழி இல்ல."

"எப்பத் தெரியும்?"

"புள்ள பொறந்தா தெரியலாம்."

"நல்லா இருக்குதுடி உங்க படிப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். ஒரு பிடி உரித்ததும், அவளாகவே, "பரவாயில்ல. தெரியாம இருக்கிறதுக்கு இது தேவல" என்றாள்.

இன்று நான் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தருகிறேன். அந்தக் காவல் மரபணு சும்மா நிற்கும் சுவர் இல்லை என்பது பிறகு வந்த வருடங்களில் தெளிவானது. அது உண்டாக்கும் புரதத்தின் மேல் செல் சின்னச் சின்ன பாஸ்பேட் முடிச்சுகளைக் கட்டும். கட்டினால் பிடி தளரும், செல் பிரியும். பிரிந்து முடிந்ததும் முடிச்சுகள் அவிழும், பிடி மறுபடி இறுகும். டிஎன்ஏவில் காயம் பட்டால் வேறொரு காவல் எழுந்து வந்து, பழுது பார்க்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகடிக்கும். புற்றுநோய் வர இவை உடைந்துதான் போக வேண்டும் என்பதில்லை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல், மரபணு முழுசாக இருக்கும்போதே, அதை வேலை செய்யவிடாமல் அதன் வாயைப் பூட்டிவிட்டாலும் போதும். இதில் பாதிகூட அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு மல்லாட்டைக் கொல்லையும் இரண்டு காவல்காரர்களும்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்தும், வகுப்பில் இதை விளக்கும்போது எனக்கு அந்தப் பின்கட்டில் காய்ந்த மல்லாட்டைத் தோலின் வாசனைதான் வருகிறது.

அந்த வருடமே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அனந்தபுரத்துப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் செய்யும் குடும்பம். பையனுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை. பெண் பார்க்க வருகிற அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அம்மா காலையிலிருந்து கூடத்தில் பாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மகளின் வலது பக்கம் விழ வேண்டும் என்பதுதான் கணக்கு.

"ஒரு பக்கமா உக்காந்துக்கினு தலையைக் குனிஞ்சிக்கினா தெரியாது. நீ எதையும் சொல்லிடாத. கல்யாணம் ஆவட்டும், அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, கேசரி சாப்பிட்டு, காபி குடித்தார்கள். என் தோழி கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். உடனே திரும்பி வந்து கதவருகில் நின்று, தன் அப்பாவிடம், "நான் அவர் கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்ப்பா" என்றாள். அந்த நாளில் எங்கள் ஊரில் பெண்கள் அப்படிக் கேட்பதில்லை. அவள் அப்பா மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர், "பேசட்டும், படிச்ச பொண்ணு" என்றார்.

பின்கட்டில் முருங்கை மரத்தடியில் நின்று பேசினார்கள். துணைக்கு என்னை அனுப்பியிருந்ததால் நானும் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"என் எடது கண்ணு பொய்க் கண்ணுங்க. சின்ன வயசுல கட்டி வந்து எடுத்துட்டாங்க. எனக்குப் பொறக்குற புள்ளைக்கும் அது வரலாம், வராமலும் போலாம். பெரும்பாலும் வராதுன்னு சொல்றாங்க. நிச்சயமா சொல்ல முடியல. அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்கு மனசு கேக்கல."

மாப்பிள்ளை மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவள் அம்மா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்கள் யாரும் இல்லாமல், மாப்பிள்ளை தனியாகத் திண்டிவனம் வந்து வாசலில் நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன். அவள் அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, அவள் நின்ற பக்கம் பார்க்காமல், அவள் அப்பாவிடமே சொன்னார்.

"மெட்ராஸ் போய் கண் ஆஸ்பத்திரில கேட்டுக்கினு வந்தேங்க. மூணு தடவை போனேன், மொத ரெண்டு தடவை டாக்டரம்மாவைப் பாக்க முடியல. பொறந்ததுலேர்ந்தே கண்ணைப் பாத்துக்கினே இருந்தா, வந்தாலும் ஆரம்பத்துலயே பிடிச்சிடலாமாம். கண்ணை எடுக்காமலே வைத்தியம் இருக்குதாம். எனக்கு ரயில்வே பாஸ் இருக்குது. பாத்துக்கலாங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டதும், "அந்தாளு எவ்ளோ மெலிஞ்சிருக்காரு பாத்தியா? கேப்பைக் களி போட்டுத் தேத்தணும்" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கல்யாணம் முடிந்து, அடுத்த வருடம் விழுப்புரத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் மெட்ராஸ் பயணங்கள் ஆரம்பித்தன. நான் எழும்பூர் ஸ்டேஷனில் காத்திருப்பேன். பெட்டியிலிருந்து முதலில் அவள் கணவர் இறங்குவார், தோளில் பையும் கையில் வெந்நீர் பிளாஸ்க்குமாக. பின்னால் குழந்தையோடு அவள். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போவோம். கண்ணில் மருந்து விட்டு, கண்பாவை விரிந்ததும் மயக்கம் கொடுத்துப் பார்ப்பார்கள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவர் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டார். டீ வாங்கப் போவார், வாங்கிக்கொண்டு வருவார், குடிக்க மறந்து கையிலேயே வைத்திருப்பார்.

முதல் சில தடவை ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பும்போது மூன்று பேரும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே நடப்போம். எழும்பூரில் ஒரு சின்ன ஓட்டலில் பூரி சாப்பிடுவோம். அந்த நாட்களை இப்போது நினைத்தால், பயத்தைவிட அந்தப் பூரிக் கிழங்கின் மஞ்சள் நிறமும், அவள் மடியில் மயக்கம் தெளியாமல் தூங்கும் குழந்தையின் திறந்த வாயும்தான் நினைவுக்கு வருகின்றன.

குழந்தைக்கு எட்டு மாதமானபோது டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். வழக்கமாக நர்ஸ்தான் வெளியே வந்து சொல்வாள். உள்ளே கூப்பிட்டதுமே மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

"வலது கண்ணுல ஒரு சின்னப் புள்ளி இருக்கு. ஓரமா இருக்கு, ரொம்பச் சின்னது. நீங்க ஒழுங்கா வந்ததாலதான் இப்பவே தெரிஞ்சுது. இதைக் குளிர வெச்சு உறைய வெச்சே அழிச்சிடலாம். கண்ணை எடுக்க வேண்டாம். பார்வைக்கும் பயமில்லை."

அவள் கேட்ட முதல் கேள்வி, "என் கிட்டேர்ந்துதானே டாக்டர்?"

"ஆமாம்மா" என்றார் அவர். மழுப்பவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். குழந்தையை வாங்கிக்கொண்ட அவள் கணவர் அதன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது ஒண்ணை மட்டுமா குடுத்த? மூக்கும் உன்னுதுதான். இந்த வாயாடித்தனமும் உன்னுதுதான் வரப் போவுது. எல்லாத்தையும்தான் வாங்கிக்கினு வந்திருக்குது."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் சுவரிலிருந்து விலகி நேராக நின்றாள்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் வண்டியில் நானும் கூடப் போனேன். குழந்தை கண்கட்டோடு அப்பாவின் தோளில் தூங்கியது. திண்டிவனத்தில் நான் இறங்க வேண்டும், இறங்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியபோது அவள் கேட்டாள்.

"அப்ப எனக்கும் பொறப்புலயே அப்படித்தான். உடம்பு பூரா."

"ஆமா."

"எலும்புல, தோல்ல, எல்லா செல்லுலயும் ஒத்தக் காவல்."

"ஆமா." எனக்கு மேலும் தெரிந்திருந்தது. இப்படிப் பிறந்தவர்களுக்குப் பின்னாளில் வேறு இடங்களிலும் வரலாம் என்று படித்திருந்தேன். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அதையும் சொன்னேன். எங்காவது வீக்கமோ வலியோ இருந்தால் சும்மா விடாமல் காட்ட வேண்டும் என்றேன்.

அவள் தன் வலது கையை மடியில் விரித்து வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி இருந்தது.

"இருபத்தி மூணு வருஷமா" என்றாள். "எத்தினி கோடி செல்லு இருக்கும் இந்த ஒரு கையில மட்டும். அத்தனையிலயும் ஒத்தையா நின்னு காத்துக்கினு இருக்குதே. ஒரே ஒரு எடத்துலதான் தவறுச்சி. மத்த எல்லாத்துலயும் நின்னுக்கினுதானே இருக்குது. பாவம்டி அது."

அவள் கணவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு விளக்கத் தோன்றவில்லை. படித்த காலத்திலும் சொல்லித்தந்த காலத்திலும் அந்த மரபணுவைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அதைப் பாவம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அதற்கப்புறம் இன்னொரு புள்ளி அதே கண்ணில் வந்தது. அதையும் உறைய வைத்தார்கள். சிகிச்சைக்கு நடுவில் ஒருநாள் நூலகத்தில் புதிதாக வந்த சஞ்சிகையைப் பிரித்தபோது, அந்த மரபணுவையே அமெரிக்காவில் பிரித்தெடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அதுவரை இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்ற ஊகம்தான், இப்போது அது கையில் கிடைத்துவிட்டது. அந்த வாரம் விழுப்புரத்தில் அவர்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவள் கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்கடி. பதிமூணாவது குரோமோசோம்ல இருக்குதாம்."

அவள் அடையைத் திருப்பிப் போட்டாள். "நாம அன்னிக்கு மைக்ராஸ்கோப்ல பாத்தமே, வரிசையா நின்னுக்கினு இருந்துச்சே. அதுல பதிமூணாவது எதுவா இருந்திருக்கும்?"

"அது வெங்காயம்டி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் அடை கருகும்வரை சிரித்தோம். குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தது. எண்பதுகளில் எந்த நாளுக்கு வேண்டுமானாலும் திரும்பப் போகலாம் என்று யாராவது சொன்னால், நான் கேட்பது அந்தக் கருகிய அடையின் நாளைத்தான். ரயில் போகும்போது நடுங்கும் அந்தக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள், பித்தளைக் குடத்தின் மேல் விழுந்த வெயில், அவள் சிரிப்பு.

குழந்தைக்கு மூன்று வயது நெருங்கியபோது, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். புதிதாக எதுவும் இல்லை, பழைய இடங்களும் தழும்பாக ஆறிவிட்டன. இரண்டு கண்ணிலும் பார்வை இருக்கிறது. வேறு குழந்தை வேண்டாம் என்று அவர்கள் இருவரும் முன்பே தீர்மானித்திருந்தார்கள். இவளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

அடுத்த மாதம், வழக்கமாக மெட்ராஸ் போகும் நாள் வந்தது. லீவு போட்டுப் பழகிவிட்ட அவள் கணவர் அன்றைக்கும் லீவு போட்டுவிட்டார். நானும் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் எழுந்து குளித்து, பிளாஸ்க்கில் வெந்நீரும் ஊற்றிவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இத்தினி தடவை மெட்ராஸ் போயும் இவளுக்குக் கடலைக் காட்டல" என்றாள் அவள். உண்மைதான். மருந்து விட்டு விரிந்த கண்ணோடு வெயிலில் நிற்க முடியாது. ஒவ்வொரு தடவையும் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு ஓடிவருவதுதான் வழக்கம்.

பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கோட்டக்குப்பம். தெருவில் யாரோ துபாயிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள், கார் மேல் பெட்டிகள் கட்டியிருந்தன, சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்கு நடுவே மணலில் நடந்தோம். கடல் தெரிந்ததும் அவள் கணவர் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"தோ பாரு கடலு. எவ்ளோ பெருசு பாரு" என்றார்.

குழந்தை கடலைப் பார்க்கவில்லை. கீழே, கரையில், மீன் தலையைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு காக்கையைத்தான் பார்த்தது. "காக்கா மீனு துன்னுது" என்றது. அந்தக் காக்கை பறக்கும்வரை வேறெதையும் பார்க்க மறுத்துவிட்டது. அப்பாவும் அதற்காகவே அசையாமல் நின்றார்.

நாங்கள் இரண்டு பேரும் புடவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. சாயங்காலம் அவருக்கு டியூட்டி இருக்கிறதா என்று கேட்டேன். நாளைக்குத்தான் என்றாள். அதனால் இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.